பெருநாள் ஏன் வருஷா வருஷம் முன்னாடி ஓடுது? பிறைக் கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

தையல்மிஷின் (பாளையங்கோட்டை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தையல் கடை. கடை பாளையங்கோட்டையில இருந்தாலும் கஸ்டமர்ல பாதிக்கு மேல மேலப்பாளையத்துக்காரங்கதான். சுடிதார், புர்கா, சின்னப் பசங்களுக்கு ஜிப்பா செட், எல்லாம் தைக்கிறோம். மாமனார் காலத்துக் கடை. வருஷத்துல எங்களுக்கு ரெண்டே சீசன், தீபாவளியும் ரம்ஜானும். இந்த ரெண்டுலதான் கடன் அடையும்.

மாமனார் அடிக்கடி சொல்வார், 2004, 2005, 2006ல தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்துல வந்து நின்னுச்சாம். ஷட்டரை இறக்காம விடிய விடிய தைச்சாங்களாம். அப்புறம் ரம்ஜான் மட்டும் ஆகஸ்ட், ஜூலை, மேன்னு நகர்ந்து, 2026ல மார்ச்சுக்கே வந்துடுச்சு. தீபாவளி இருந்த இடத்துலயே இருக்கு. ரெண்டுமே நிலாவைப் பார்த்துத்தானே வருது? அது ஏன் ஓடுது, இது ஏன் ஓடல?

ரெண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிய தலைவலி. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் நாளைக்கா, நாளன்னிக்கான்னு யாருக்கும் தெரியாது. "பிறை தெரிஞ்சா இன்னைக்கு ராத்திரியே வேணும், தெரியலைன்னா நாளைக்குத் தந்தா போதும்"னு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாங்க. காஜா எடுக்கிற பையனை இருக்கச் சொல்லவா, வீட்டுக்கு அனுப்பவா? இதுல ஒரே தெருவுல ஒரு வீடு இன்னைக்குப் பெருநாள், எதிர் வீடு நாளைக்குன்னு வேற சில வருஷம். 2024ல திருவனந்தபுரத்துல இருக்கிற என் தங்கச்சி ஏப்ரல் 10ன்னா, இங்க 11.

சண்டை வேண்டாம், யார் சரி யார் தப்புன்னு நான் கேட்கல. ஏன் இப்படின்னு புரிஞ்சா போதும். அடுத்த சில வருஷத்துக்கு எப்ப ஆள் எடுக்கணும்னு ஒரு திட்டமும் போடணும்.

காயல் லாத்தா:

தங்கச்சி, நல்லா கேட்டீங்க. நான் காயல்பட்டினம். எங்க ஊர்ல பொம்பளைங்களுக்குன்னு தனியா தைக்காக்கள் உண்டு, ரமலான் ராத்திரியில தராவீஹ் தொழுகை அங்கதான். பிறை தெரிஞ்சுச்சா இல்லையான்னு உங்க அளவுக்கு நாங்களும் தவிச்சுக்கிட்டுத்தான் இருப்போம். பெருநாளுக்கு அரைக்கணுமா, நாளைக்குச் சஹருக்கு (விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுறது) எழும்பணுமான்னு எங்களுக்கும் மஃரிபுக்கு (சூரியன் மறைஞ்சதும் தொழுறது) அப்புறம்தான் தெரியும்.

முதல் கேள்வி. தீபாவளிக்கு நிலாவும் வேணும், ஐப்பசியும் வேணும். ஐப்பசி சூரியக் கணக்கு. அதனால எவ்வளவு அசைஞ்சாலும் அந்த மாசத்தைத் தாண்டாது. எங்க பெருநாளுக்கு நிலா மட்டும் போதும். பன்னிரண்டு பிறை மாசம் சேர்ந்தா 354 நாள், சில வருஷம் 355. சூரிய வருஷத்தைவிட 11 நாள் குறைவு. அந்த 11 நாள்தான் உங்க ரம்ஜானை வருஷா வருஷம் முன்னாடி தள்ளுது.

இது அரபுநாட்டுல பழைய காலத்துல இப்படி இல்லை. நபிக்கு (ஸல்) முன்னாடி அவங்களும் சில வருஷத்துல ஒரு மாசத்தைச் சேர்த்துக்குவாங்க, மாசங்களை இடம் மாத்தி வெப்பாங்க. ஹஜ்ஜுக்குக் கூடுற சந்தை நல்ல காலத்துல வரணும், அதுக்குத்தான்னு ஒரு விளக்கம். சண்டை போடக்கூடாத மாசம்னு நாலு உண்டு, துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப். அதுல ஒண்ணைத் தள்ளி வெச்சுட்டா சண்டை போட்டுக்கலாம், அதுக்காகன்னு இன்னொரு விளக்கம். கினானா கோத்திரத்துல இதை அறிவிக்கிறதுக்குன்னே ஆள் இருந்தாங்க. குர்ஆன் ஒன்பதாவது அத்தியாயத்துல, 36, 37 வசனங்கள்ல, இதை நிறுத்தியாச்சு. மாசம் பன்னிரண்டுதான், தள்ளிவைக்கிற வேலை கூடாதுன்னு. 632ல நபியவங்க செஞ்ச கடைசி ஹஜ்ஜுப் பேருரையிலயும் இது வருது.

அதோட பலன் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஏறக்குறைய 33 வருஷத்துல ரமலான் எல்லாப் பருவத்தையும் ஒரு சுத்து சுத்திடும். நம்ம பக்கத்துல பெரிசா வித்தியாசம் தெரியாது, டிசம்பர் நோன்பு பதிமூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும், ஜூன் நோன்பு பதினாலை ஒட்டி இருக்கும், அவ்வளவுதான். என் மவன் லண்டன்ல இருக்கான். ஜூன்ல அவனுக்கு 18 மணி நேரத்துக்கு மேல. அதே ஆள் டிசம்பர்ல பத்து மணி நேரத்துல நோன்பு திறந்துட்டு, "உம்மா, இதெல்லாம் ஒரு நோன்பா"ன்னு போன் பண்ணுவான். பருவத்தோட மாசத்தைக் கட்டிப்போட்டிருந்தா ஒரு ஊருக்கு எப்பவும் கஷ்டம், இன்னொரு ஊருக்கு எப்பவும் சுகம்னு ஆகியிருக்கும். இது ஏற்பாட்டோட அழகுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ரெண்டாவது கேள்விக்கு வாரேன். பிறையைக் கண்டு நோன்பு பிடிங்க, பிறையைக் கண்டு விடுங்க, மேகம் மறைச்சா முப்பதைப் பூர்த்தி பண்ணுங்கன்னு ஹதீஸ், அதாவது நபியவங்க சொன்னது. இது எல்லாருக்கும் சம்மதம். சிக்கல், யாருடைய கண்ணு கண்டாங்கறதுல. இந்தச் சண்டை வாட்ஸப் வந்த பிறகு வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. சஹாபாக்கள், அதாவது நபியோட தோழர்கள் காலத்துலயே வந்தது. குரைப்னு ஒருத்தர் மதீனாவுல இருந்து சிரியாவுக்குப் போனார். அங்க வெள்ளி ராத்திரி ரமலான் பிறை தெரிஞ்சுச்சு. மாசக் கடைசியில மதீனா திரும்பினார். அங்க இருந்த நபித்தோழர் இப்னு அப்பாஸ் விசாரிச்சார், நீங்க எப்பப் பிறை பார்த்தீங்கன்னு. வெள்ளின்னார். நாங்க சனிக்கிழமை ராத்திரிதான் பார்த்தோம், எங்க கணக்குப்படி முப்பது முடிக்கிற வரைக்கும், இல்லைன்னா பிறையைப் பார்க்கிற வரைக்கும் நோன்பு பிடிப்போம்னுட்டார். சிரியாவை ஆண்ட முஆவியா பார்த்தது உங்களுக்குப் போதாதான்னு இவர் கேட்க, போதாது, நபியவங்க எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டாங்கன்னு அவர் சொன்னார். முஸ்லிம் ஹதீஸ் கிரந்தத்துல இருக்கு.

இதை வெச்சுத்தான் ஷாஃபி மத்ஹபுல (மத்ஹபுன்னா மார்க்கச் சட்ட வழி) ஒவ்வொரு பகுதிக்கும் அதது பிறைன்னாங்க. ஹனஃபி மத்ஹபுல பழைய நூல்கள்ல வலுவான கருத்து, ஒரு இடத்துல தெரிஞ்சா எல்லாருக்கும் போதும்ங்கறது. எங்களைப் போல கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ஊர்கள்ல ஹனஃபி அதிகம். நடைமுறையில ரெண்டு பேருமே இப்ப சென்னையில இருந்து தலைமை காஜி அறிவிக்கிறதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கிறாங்க. உலகத்துக்கே ஒரே பிறைன்னு சவூதியைப் பார்த்துச் செய்றவங்க தனி. பிறையைக் கணக்குப் போட்டே தீர்மானிக்கலாம்னு சொல்றவங்க இன்னும் தனி. உங்க எதிரெதிர் வீடு இதுல எதுவோ ஒண்ணு. எதிர் வீட்டுக்காரர் நோன்போட இருக்கும்போது இந்த வீட்டுல இருந்து பிரியாணி வாசம் வந்தா மனசு கொஞ்சம் கோணத்தான் செய்யும். ஆனா மறுநாள் அதே வீட்டுக்குச் சட்டி போகும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில மாவட்டம் முழுக்க ஒரே நாள் வந்தா சந்தோஷம். யார் கேட்கிறா.

அறிவியல் வாத்தியார்:

லாத்தா சொன்னதோடு வானத்துப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். நான் முஸ்லிம் இல்லை, பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மாணவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் மூன்றாம் பிறை காட்டுவது வழக்கம்.

அமாவாசை கழிந்தவுடன் பிறை தெரிந்துவிடாது. சந்திரன் சூரியனிலிருந்து குறைந்தது 7 டிகிரியாவது விலக வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் கிடைக்காது. வெறுங்கண்ணுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 டிகிரி விலகும். திருநெல்வேலியில் சூரியன் மறைந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் மக்காவில் மறைகிறது. அதற்குள் சந்திரன் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் விலகியிருக்கும். நமக்குத் தப்பிய பிறை மேற்கே போகப் போகச் சிக்குவது இதனால்தான். சவூதியில் பல வருடம் ஒரு நாள் முன்னதாகப் பெருநாள் வருவதில் இந்தக் கணக்கும் ஒரு பங்கு.

தங்கை சொன்ன 2024 நல்ல உதாரணம். அந்த ஏப்ரல் 8ஆம் தேதி அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் அந்த அமாவாசையின் உச்ச நேரம். நம் கடிகாரத்தில் இரவு 12 மணிக்குச் சற்று முன். மறுநாள் 9ஆம் தேதி மாலை ஆறரை மணிக்குப் பிறையின் வயது பதினெட்டரை மணி நேரம். வானம் துலக்கமாக இருந்தால் கண்ணுக்குக் கிடைக்கிற வயதுதான். அடிவானத்தில் மேகமோ தூசியோ இருந்தால் போச்சு. கேரளத்தில் பார்த்ததாகச் சாட்சி வந்தது, 29 நோன்போடு முடித்தார்கள். இங்கே வரவில்லை, 30 ஆனது. இரண்டு பக்கமும் மார்ச் 12ல்தான் நோன்பைத் தொடங்கினார்கள்.

இன்னொன்று. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். அதிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இளம்பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். படங்களில் போடுகிற மாதிரி செங்குத்தாக எதிர்பார்த்துத் தேடினால் கண்ணில் படாமலே இறங்கிவிடும். சூரியன் போன இடத்துக்கு நேர் மேலே, அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும்.

காயல் லாத்தா:

வாத்தியாரே, அப்படியே உண்மை. வெளியூர்க்காரங்க காயல் வந்தா பிறை பார்க்கக் கடற்கரைக்கு ஓடுவாங்க. எங்களுக்குக் கடல் கிழக்கே, பிறை மேற்கே. நாங்க மாடியில நின்னு தென்னை மரத்துக்கு மேல பார்ப்போம். குழந்தைங்க விமானத்தோட வெளிச்சத்தைக் காட்டி "அதோ அதோ"ம்பாங்க.

கணக்கர் (சென்னை):

தேதிக் குழப்பத்தில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது, ஜகாத், அதாவது வசதியுள்ள முஸ்லிம் வருஷா வருஷம் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமைப் பங்கு. நான் கம்பெனி கணக்கு எழுதுகிறவன், வருஷா வருஷம் சில கடைக்காரர்களுக்கு ஜகாத் கணக்கும் போட்டுக் கொடுக்கிறேன். கையிருப்பு, வங்கிப் பணம், வரவேண்டிய பாக்கி, விற்பனைச் சரக்கு எல்லாம் சேர்த்து, உடனே கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சம் நிஸாபை (ஜகாத் கடமையாகிற குறைந்தபட்ச அளவு) தாண்டி ஒரு வருஷம் கையில் இருந்தால் இரண்டரை சதவீதம். தங்கத்தில் நிஸாப் ஏறக்குறைய 11 பவுன். (85 கிராம் என்று எடுப்பவர்களும் உண்டு. வெள்ளியை அளவாக வைத்தால் தொகை இன்னும் மிகக் குறையும்.) தொழில் கருவிக்கு ஜகாத் இல்லை. சகோதரி ஒரு முஸ்லிம் கடைக்காரராக இருந்தால் தையல் மிஷின், ஓவர்லாக், மேஜை எதுவும் கணக்கில் வராது. விற்க வாங்கி வைத்த துணி வரும்.

ஆனால் "ஒரு வருஷம் கையில் இருந்தால்" என்பதில் வருஷம் ஹிஜ்ரி வருஷம், அதாவது லாத்தா சொன்ன பிறை வருஷம். பல பேர் மார்ச் 31ல் கணக்கை மூடி இரண்டரை சதவீதம் எடுத்து வைத்துவிடுகிறார்கள். சூரிய வருஷம் 11 நாள் நீளம். அதனால் அந்தத் தேதியை வைத்தால் 2.577 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று இஸ்லாமிய நிதிக் கணக்கு விதிகளில் இருக்கிறது. 33 சூரிய வருஷத்துக்குள் 34 ஹிஜ்ரி வருஷம் முடிகிறது. மார்ச் கணக்கிலேயே ஓட்டுகிறவர் ஒரு வாழ்நாளில் ஒரு முழு வருஷ ஜகாத்தையே தவறவிடுவார். பத்து லட்சத்துக்கு வித்தியாசம் 770 ரூபாய்தான், ஆனால் அது ஏழைக்குச் சேர வேண்டிய பணம்.

இந்தக் காலண்டரே கணக்கு வழக்குக்காகப் பிறந்தது என்றுதான் எங்கள் தொழில்காரர்கள் பெருமையடித்துக்கொள்வோம். கலீஃபா உமரிடம் ஷஅபான் மாசத்தில் பணம் கொடுக்க வேண்டிய ஒரு பத்திரம் வந்ததாகவும், "எந்த ஷஅபான், போன வருஷத்துதா, வரப்போறதா" என்று அவர் கேட்டதாகவும் வரலாற்று நூல்களில் செய்தி வருகிறது. அதன் பிறகுதான் கூடிப் பேசி வருஷத்துக்கு எண் கொடுத்தார்கள். நபி மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன 622ஐ முதல் வருஷமாக எடுத்தார்கள். பயணம் நடந்தது ரபீவுல் அவ்வலில். வருஷப் பிறப்பை மட்டும் முஹர்ரத்தில் வைத்தார்கள், ஹஜ் முடிந்து ஆட்கள் ஊர் திரும்புகிற மாசம்.

ஹிஜ்ரி வருஷம் போட்டு இன்று கையில் இருக்கிற மிகப் பழைய ஏடுகளில் ஒன்று என்ன தெரியுமா? ரசீது. 65 ஆடு பெற்றுக்கொண்டோம் என்று எகிப்தில், ஹிஜ்ரி 22ல், அதாவது 643ல் எழுதியது. கிரேக்கத்திலும் அரபியிலும் ஒரே பாப்பிரஸில் இருக்கிறது. வியன்னாவில் வைத்திருக்கிறார்கள். படைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு வாங்கின ஆடு. மாசமும் வருஷமும் சுத்தமாகப் போட்டிருக்கிறான். என் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பில்லில் பாதிக்குத் தேதியே இருக்காது.

சிங்கை வாசி:

இங்கே சிங்கப்பூரில் உங்கள் தலைவலி கிடையாது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் பேசி ஓர் அளவு வைத்திருக்கின்றன. மாலையில் பிறை அடிவானத்துக்கு மேல் 3 டிகிரி, சூரியனிலிருந்து 6.4 டிகிரி விலகல். கணக்கில் இது வந்தால் மறுநாள் மாதம் பிறக்கும். சிங்கப்பூரில் தேதி முன்கூட்டியே காலண்டரில் வந்துவிடும், தையல்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தோனேசியாவில் மட்டும் முஹம்மதியா அமைப்பு கணக்கை வைத்துத் தனியாகத் தேதி சொல்லும், நஹ்த்லத்துல் உலமா கண்ணால் பார்ப்பதை விடாது. இரண்டும் கோடிக்கணக்கான ஆட்கள் உள்ள அமைப்புகள். சில வருடம் இரண்டு பெருநாள் அங்கேயும் உண்டு.

தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசலில் கடிகாரம் தொங்குகிறது, யாரும் நிழலை அளப்பதில்லை. பிறைக்கு மட்டும் ஏன் கண் என்பது என் கேள்வி. லாத்தா கோபிக்க வேண்டாம்.

காயல் லாத்தா:

கோபம் எதுக்கு? இதே கேள்வியை என் மவனும் கேட்கிறான். நேரத்தைப் பார்க்கச் சொல்லி வந்த கட்டளை வேற, பிறையைப் பார்க்கச் சொல்லி வந்தது வேறங்கறது எங்க ஆலிம்கள் பதில். இதுக்கு மேல போனா தங்கச்சி கேட்ட சண்டையில்லாத் திரி காணாமப் போயிரும்.

தங்கச்சிக்கு வேண்டியது தேதிதானே, இந்தாங்க. நோன்புப் பெருநாள் 2027ல மார்ச் 10 வாக்கில, 2028ல பிப்ரவரி கடைசி, 2029ல பிப்ரவரி நடுவுல, 2030ல பிப்ரவரி முதல் வாரம், 2031ல ஜனவரி 25 வாக்கில. எல்லாத்துலயும் ஒரு நாள் முன்பின். 2030ல இன்னொரு கூத்து, ஜனவரியில ஒரு ரமலான் தொடங்கும், டிசம்பர் கடைசியில அடுத்தது தொடங்கிடும். 2033ல பெருநாளே ரெண்டு, ஜனவரி முதல் வாரத்துல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு. உங்களுக்கு ரெண்டு சீசன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தப் பதைப்பே வேண்டாம். அது துல்ஹஜ் பத்தாம் நாள். பிறை தெரிஞ்சு ஒன்பது நாள் கழிச்சுத்தான் பெருநாள், தைக்க நேரம் தாராளமா இருக்கும். மாசத்தோட முதல் நாள்ல வர்ற நோன்புப் பெருநாளுக்குத்தான் ஒரு ராத்திரிக்குள்ள முடிவு.

யோசனை கேட்டா ஒண்ணு சொல்வேன். 28ஆம் நோன்புக்கே டெலிவரின்னு போர்டு எழுதி மாட்டிடுங்க. ஏழைகளுக்குக் குடுக்கிற பெருநாள் தர்மம் ஃபித்ராவையே பெருநாள் தொழுகைக்கு முன்னாடி குடுத்துடணும்னு சட்டம் இருக்கிற சமூகம் நாங்க, கெடு வெச்சா கேட்போம். கெடு வெக்கலைன்னா சஹர் நேரத்துல வந்து கதவைத் தட்டுவோம்.

தையல்மிஷின்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐப்பசி விஷயத்தை மாமனார்கிட்ட படிச்சுக் காமிச்சேன், "அப்ப மறுபடியும் தீபாவளியும் அதுவும் எப்ப சேரும்"னு கேட்கிறார். அப்புறம் 2032ஐ மட்டும் விட்டுட்டீங்களே லாத்தா?

அறிவியல் வாத்தியார்:

2037, 38, 39ல் சேரும். தீபாவளி அமாவாசையை ஒட்டி, பெருநாள் அதற்கு அடுத்த பிறையில், ஆகவே சேருகிற வருடங்களில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

காயல் லாத்தா:

2032ஐ வேணும்னுதான் விட்டேன், பயந்துடுவீங்கன்னு. ஜனவரி 14 இல்லைன்னா 15. பொங்கலன்னைக்கு! இன்னும் ரெண்டு மிஷினுக்கு இப்பவே சீட்டுப் போட ஆரம்பிச்சிடுங்க. எங்க வீட்டு ஆர்டர் மட்டும் 20ஆம் நோன்புக்கே வந்துடும், அது என் பொறுப்பு.